பச்சை மெட்ரோ ஏன் பரங்கிமலையில் முடிகிறது? நான்கு தடங்கள் சந்திக்கும் ஒரு முனையத்தின் கணக்கு

சென்னையின் ரயில் வரைபடத்தில் தெற்கே ஒரு புள்ளியில் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அதுதான் பரங்கிமலை, ஊர்க்காரர்களுக்கு மவுண்ட் ஸ்டேஷன். மெட்ரோவின் பச்சை வழித்தடம் இங்கே முடிகிறது. கடற்கரையிலிருந்து தாம்பரம், செங்கல்பட்டு போகும் மின்சார ரயில் இதைக் கடந்து போகிறது. வேளச்சேரியோடு நின்றிருந்த பறக்கும் ரயிலுக்குத் திட்டமிட்ட நீட்சியின் மறுமுனையும் இதுதான். மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் ஐந்தாம் வழித்தடமும் இதைத் தொட்டுக்கொண்டுதான் சோழிங்கநல்லூர் போகப்போகிறது.

செய்திகளில் இவை தனித்தனியாக வருகின்றன. ஒரு நாள் பறக்கும் ரயில், இன்னொரு நாள் மெட்ரோ, வேறொரு நாள் புதிய செயலி. சேர்த்துப் பார்க்கும்போதுதான் சந்தேகங்கள் வருகின்றன. பச்சை ரயில் ஏன் விமான நிலையத்தில் முடியாமல் இங்கே முடிகிறது? பறக்கும் ரயிலும் மெட்ரோவும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டால் ஒரே ரயிலாகிவிடுமா? ஒரே டிக்கெட் போதுமா? இவற்றுக்குப் பதில் தேட முதலில் எந்த ரயில் யாருடையது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

## எந்த ரயில் யாருடையது

1. மின்சார ரயில். நான்கில் மூத்தது இது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய ஆண்டு 1931. அப்போது அது மீட்டர்கேஜ். அகலப் பாதைக்கு முழுவதுமாக மாறி, கடைசி மீட்டர்கேஜ் ரயில் விடைபெற்றது 2004-இல். கிண்டிக்கும் பழவந்தாங்கலுக்கும் நடுவில் வரும் நிலையம் பரங்கிமலை. நடத்துவது தெற்கு ரயில்வே.

2. பச்சை வழித்தடம். சென்ட்ரலில் தொடங்கி எழும்பூர், அண்ணா நகர், கோயம்பேடு, வடபழனி, அசோக் நகர், ஆலந்தூர் வழியாகப் பரங்கிமலைக்கு வருகிறது. மொத்தம் 17 நிலையங்கள், ஏறத்தாழ 22 கி.மீ. திருமங்கலம் வரை பூமிக்கு அடியில், கோயம்பேட்டிலிருந்து தூண்கள்மேல். 2015 ஜூன் 29 அன்று முதலில் திறந்தது கோயம்பேடு–ஆலந்தூர் பகுதி. ஆலந்தூருக்குத் தெற்கே உள்ள ஒற்றை நிலையமான பரங்கிமலை 2016 அக்டோபரில் சேர்ந்தது. சென்ட்ரல் வரை முழுமையானது 2018 மே மாதத்தில். நடத்துவது சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம். மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் அதில் சரிபாதிப் பங்கு.

3. பறக்கும் ரயில். கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995-இல் ஓடத் தொடங்கி, 1997-இல் மயிலாப்பூரை எட்டி, 2007-இல் வேளச்சேரியை அடைந்தது. தூண்கள்மேல் ஓடுவதால் மெட்ரோ என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அதுவும் தெற்கு ரயில்வே நடத்தும் மின்சார ரயில்தான்.

4. ஐந்தாம் வழித்தடம். மாதவரத்தில் கிளம்பி நகரின் மேற்கு விளிம்பைச் சுற்றி, ஆலந்தூர், பரங்கிமலை, ஆதம்பாக்கம், மடிப்பாக்கம், மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் போகும் மெட்ரோ. 118.9 கி.மீ. நீளமுள்ள இரண்டாம் கட்டத்தின் மூன்று வழித்தடங்களில் ஒன்று. 63,246 கோடி ரூபாய் மதிப்புள்ள அந்தத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2024 அக்டோபரில்.

ஆக, ஒன்றும் மூன்றும் ரயில்வேயுடையவை. இரண்டும் நான்கும் மெட்ரோவுடையவை. இந்தப் பிரிவு வெறும் பெயர்ப்பலகை விஷயமல்ல, தண்டவாளத்திலேயே தெரியும். ரயில்வேயின் அகலப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மி.மீ. இடைவெளி. சென்னை மெட்ரோவில் 1,435 மி.மீ. சுமார் ஒரு சாண் வித்தியாசம். எனவே எவ்வளவு பக்கத்தில் வந்து நின்றாலும் பறக்கும் ரயில் மெட்ரோ தடத்தில் ஏற முடியாது, மெட்ரோ அங்கே இறங்க முடியாது. இரண்டும் மேலே செல்லும் கம்பியிலிருந்து 25 கிலோவோல்ட் மின்சாரம்தான் எடுக்கின்றன. ஆனால் சக்கரம் பொருந்தாதபோது மின்சாரம் ஒன்றாக இருந்து என்ன? பரங்கிமலையில் மாற வேண்டியது ரயில்களல்ல, பயணிகள். அவர்கள் எத்தனை படி ஏறி இறங்குகிறார்கள், எத்தனை நிமிடம் காத்திருக்கிறார்கள், எத்தனை முறை காசு கொடுக்கிறார்கள் என்பதில்தான் இந்த நிலையத்தின் வெற்றியும் தோல்வியும் இருக்கிறது.

## ஆலந்தூரிலேயே முடித்திருக்கலாமே?

நீல வழித்தடமும் பச்சை வழித்தடமும் ஆலந்தூரில் சந்திக்கின்றன. ஒன்றின்மேல் ஒன்றாக நடைமேடைகள் உள்ள நிலையம் அது. வெளியே வராமல், புதிதாகக் கட்டணம் கட்டாமல், மேலும் கீழுமாக மாறிக்கொள்ளலாம். விமான நிலையம் போகும் நீலத் தடமும் அங்கேயே கிடைக்கிறது. அப்புறம் எதற்கு இன்னும் ஒரு நிலையம் வரை பச்சைத் தடத்தை இழுக்க வேண்டும்?

ஆலந்தூர் மெட்ரோ, மின்சார ரயில் பாதையின் மேல் இல்லை என்பதே காரணம். நீல வழித்தடத்துக்குக் கிண்டியில் மின்சார ரயிலோடு இணைப்பு கிடைத்துவிட்டது. பச்சைத் தடத்துக்கு வடமுனையில் எழும்பூர், சென்ட்ரல் என இரண்டு இணைப்புகள் உண்டு. தென்முனையில் ஒன்றுமில்லை. தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை பக்கத்திலிருந்து அசோக் நகருக்கோ வடபழனிக்கோ கோயம்பேட்டுக்கோ போகிறவர்தான் பச்சைத் தடத்தின் இயல்பான வாடிக்கையாளர். அவர் மின்சார ரயிலில் வருகிறார். ஆலந்தூரோடு தடம் முடிந்திருந்தால் அவர் கிண்டியில் இறங்கி, நீல மெட்ரோவில் ஒரு நிலையம் தெற்கே வந்து, ஆலந்தூரில் மறுபடி மாற வேண்டியிருக்கும். ஒரு பயணத்துக்கு இரண்டு மாற்றம் என்றால் பாதிப் பேர் பேருந்துக்கே போய்விடுவார்கள். அந்த ஒரு நிலைய நீட்டிப்பு இரண்டு மாற்றத்தை ஒன்றாக்கியது.

மாறாக, சென்ட்ரலிலிருந்து பரங்கிமலைக்குப் போகிறவருக்குப் பச்சைத் தடம் சுற்றுவழி. அது கோயம்பேடு வரை மேற்கே போய், நூறடிச் சாலையைப் பிடித்துத் தெற்கே இறங்குகிறது. பூங்கா நிலையத்தில் மின்சார ரயில் ஏறினால் நேராக வந்துவிடலாம். வரைபடத்தில் ஒரு தடத்தின் இரு முனைகளும் பெரிதாகத் தெரிவதால் முனைக்கு முனை போகிறவர்களுக்காகத்தான் அது போடப்பட்டது என்று தோன்றும். நகரப் போக்குவரத்தில் பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை.

பேருந்து விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. இந்தப் பகுதியின் பேருந்துக் கூட்டம் குவிவது கத்திப்பாராவில், அதாவது ஆலந்தூர் மெட்ரோவின் பக்கத்தில். ரயில் கூட்டம் குவிவது பரங்கிமலையில். பேருந்தும் மின்சார ரயிலும் ஒரே இடத்தில் சந்திக்காத ஊர் அமைப்பு இது, ஜி.எஸ்.டி. சாலையும் தண்டவாளமும் விலகி விலகி ஓடுவதால் வந்த வினை. இரண்டையும் இணைக்கும் ஒரு நிலைய மெட்ரோ இருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த ஒரு நிலையத்துக்காகத் தனியே டிக்கெட் எடுத்து மேலே ஏறி இறங்குபவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? ஷேர் ஆட்டோ பிழைப்பதே இந்த மாதிரி இடைவெளிகளில்தான்.

## முனையத்தில் ரயில் திரும்புவது எப்படி

வழியில் வரும் நிலையத்தில் ரயில் அரை நிமிடம் நின்று கிளம்பிவிடும். முனையத்தில் அப்படி முடியாது. பயணிகள் அனைவரும் இறங்க வேண்டும், ஓட்டுநர் மறுமுனை அறைக்குப் போக வேண்டும், ரயில் எதிர்த்தடத்துக்கு மாற வேண்டும். மெட்ரோ ரயிலின் இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை இருப்பதால் வண்டியைத் திருப்ப வேண்டியதில்லை. தடம் மாற்றுவதற்குப் பொதுவாக இரண்டு வழிகள்:

1. நிலையத்துக்கு முன்னாலேயே இரண்டு தடங்களையும் குறுக்கே இணைக்கும் தண்டவாளங்கள் போடுவது. வருகிற ரயில் காலியாக உள்ள நடைமேடைக்குள் நுழையும், அங்கிருந்தே திரும்பிக் கிளம்பும். இடம் குறைவாகத் தேவைப்படும். ஆனால் ஒரு ரயில் குறுக்கே கடக்கும்போது மற்றொன்று காத்திருக்க வேண்டும்.

2. நிலையத்தைத் தாண்டி ஒரு துண்டுத் தடம் போடுவது. ரயில் காலியாக அதற்குள் போய் நின்று, மறு நடைமேடை வழியாகத் திரும்பி வரும். நெரிசல் குறையும். ஆனால் நிலையத்துக்குப் பின்னால் கூடுதலாக இடம் வேண்டும். வீடுகள் நெருங்கி நிற்கும் புறநகரில் அது சுலபமல்ல.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. பேச்சுக்கு, ஒரு ரயில் முனைய நடைமேடையில் 5 நிமிடம் நிற்கிறது, உள்ளே வந்து வெளியே போக 2 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நடைமேடைக்கு 7 நிமிடத்துக்கு ஒரு ரயில். இரண்டு நடைமேடை இருந்தால் சராசரியாக மூன்றரை நிமிடத்துக்கு ஒன்று. நடுவில் உள்ள நிலையங்கள் 2 நிமிடத்துக்கு ஒரு ரயிலைத் தாங்கினாலும் இந்த முனையம் மூன்றரை நிமிடத்துக்கு ஒன்றுக்கு மேல் விடாது. முழுத் தடத்தின் வேகத்தையும் கடைசி நிலையம்தான் தீர்மானிக்கிறது. "ரயிலைக் கூடுதலாக விடுங்கள்" என்று கோரும்போது பெட்டிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதாது என்பது இதனால்தான்.

பச்சைத் தடத்தில் இதற்கு ஒரு வடிகால் உண்டு. ஆலந்தூரில் இரு வழித்தடங்களின் தண்டவாளங்களும் இணைக்கப்பட்டிருப்பதால், கோயம்பேடு பக்கமிருந்து வரும் ரயில் நேராக விமான நிலையத்துக்கும் போக முடியும். அப்படி நேரடி ரயில்கள் இயக்கப்பட்டும் வருகின்றன. பெட்டி படுக்கையோடு வருகிறவருக்கு இது பெரிய உதவி. ஆனால் அப்படிப் பிரிந்து போகும் ஒவ்வொரு ரயிலும் பரங்கிமலைக்கு வராத ரயில். தடத்தில் 6 நிமிடத்துக்கு ஒரு ரயில் ஓடி, ஒன்றுவிட்டு ஒன்று விமான நிலையம் போனால், பரங்கிமலைக்கு மிஞ்சுவது 12 நிமிடத்துக்கு ஒன்று. இங்கே காத்திருப்பு ஏன் சில நேரம் நீள்கிறது என்று புரியாமல் பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கான விடை இதில் இருக்கிறது. ரயில் பலகையில் போகும் ஊரைப் பார்த்து ஏறுங்கள் என்று அறிவித்துக்கொண்டே இருப்பதும் இதனால்தான்.

## இணைப்பு என்ற சொல்லை மூன்றாகப் பிரித்தால்

"பல்வகைப் போக்குவரத்து இணைப்பு" என்று திட்ட அறிக்கைகளில் வரும். அதற்குள் மூன்று வேறு வேறு சங்கதிகள் அடங்கியிருக்கின்றன. பரங்கிமலை முதலாவதில் தேறிவிடுகிறது. மற்ற இரண்டில் நிலைமை வேறு.

1. கட்டட இணைப்பு. ஒரு ரயிலிலிருந்து இன்னொன்றுக்குத் தெருவில் இறங்காமல் போக முடிகிறதா? இங்கே மெட்ரோவும் மின்சார ரயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. இதை அற்பமாக நினைக்க வேண்டாம். நொய்டாவில் 2019 ஜனவரியில் அக்வா தடமும், அதே ஆண்டு மார்ச்சில் டெல்லி மெட்ரோ நீலத் தடத்தின் நீட்சியும் திறந்தன. செக்டார் 51, செக்டார் 52 என்று இரண்டு நிலையங்கள், நடுவில் சில நூறு மீட்டர் தூரம். இரண்டு தடங்களும் இரண்டு நிறுவனங்களுடையவை. பயணிகள் பல ஆண்டுகள் சாலை வழியாகத்தான் மாறினார்கள். நடைபாலம் பிறகு வந்த யோசனை. பரங்கிமலைக்கு அந்தக் கதி இல்லை. ஆனால் உயரம் ஒரு பிரச்சினை: மின்சார ரயில் தரைமட்டத்தில், மற்றவை தூண்கள்மேல். நகரும் படிக்கட்டு ஒன்று பழுதானால் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அந்த "அடுத்தடுத்து" என்பது சட்டென்று வெகுதூரமாகிவிடும்.

2. நேர இணைப்பு. மாறுவதற்கு நடக்கும் நேரம் 4 நிமிடம் என்றால் பயணத்தின் உண்மையான இழப்பு அதுமட்டுமல்ல; அடுத்த ரயிலுக்கான காத்திருப்பும் சேரும். ரயில்கள் 15 நிமிடத்துக்கு ஒன்று என்றால் சராசரியாக ஏழரை நிமிடம் நிற்க வேண்டும். 5 நிமிடத்துக்கு ஒன்று என்றால் இரண்டரை. அடிக்கடி ஓடும் ரயில்களுக்கு அட்டவணைப் பொருத்தம் தேவையே இல்லை. எப்போதாவது ஓடுபவற்றுக்குக் கட்டாயம் தேவை. இரவு 9 மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும்தான் இது கடிக்கும். மெட்ரோவின் அட்டவணையும் மின்சார ரயிலின் அட்டவணையும் வெவ்வேறு அலுவலகங்களில் தயாராகின்றன. பழுதுபார்ப்புப் பணிக்காக ஞாயிறன்று தாம்பரம் பாதையில் மின்சார ரயில்கள் ரத்தானால், பரங்கிமலை மெட்ரோவின் வரத்தும் அன்று அடிவாங்கும். ஒருவரின் பராமரிப்பு மற்றவரின் வருமான இழப்பு.

3. கட்டண இணைப்பு. இதைப் பற்றித்தான் குழப்பம் அதிகம். எந்தப் போக்குவரத்துக் கட்டணத்திலும் இரண்டு கூறுகள் உண்டு: ஏறியதற்கு ஒரு குறைந்தபட்சத் தொகை, தூரத்துக்கு ஏற்ற கூடுதல் தொகை. மின்சார ரயிலில் குறைந்தபட்சம் 5 ரூபாய். மெட்ரோவில் 10 ரூபாய் (2021-இல் குறைத்த பிறகு அதிகபட்சம் 50). சாதாரண மாநகரப் பேருந்தில் 5 ரூபாய். பெண்களுக்கு அதில் கட்டணமில்லை. ஒரே பயணத்தில் மூன்றும் ஏறினால் குறைந்தபட்சத் தொகையை மூன்று முறை கட்டுகிறோம். நீலத்திலிருந்து பச்சைக்கு ஆலந்தூரில் மாறும்போது இந்தச் சுமை இல்லை, ஏனென்றால் அது ஒரே நிறுவனம். பரங்கிமலையில் மாறும்போது உண்டு.

இப்போது ஒரே செயலி, ஒரே அட்டை என்று வரும் செய்திகளைப் பிரித்துப் பார்க்கலாம். 2023-இல் வந்த சிங்காரச் சென்னை அட்டை மெட்ரோவில் தொடங்கி, பிறகு மாநகரப் பேருந்திலும் பயன்படத் தொடங்கியது. 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியில் பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் கியூஆர் குறியீட்டில் டிக்கெட் எடுக்கலாம். வரிசையில் நிற்பது குறைகிறது, நல்லதுதான். ஆனால் ஒரே இடத்தில் மூன்று டிக்கெட் வாங்குவது வேறு, மூன்றுக்கும் சேர்த்து ஒரே பயணமாகக் கட்டணம் கணக்கிடுவது வேறு. இரண்டாவது நடக்க வேண்டுமானால், மாறுகிறவருக்குக் குறையும் அந்த ஐந்து பத்து ரூபாயை யார் ஏற்பது என்று மூன்று அமைப்புகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். ரயில் கட்டணம் டெல்லியில் முடிவாகிறது. மெட்ரோவுக்குத் தனிச் சட்டம், தனிக் கட்டணமுறை. பேருந்து மாநில அரசுடையது. இவர்களை ஒரே மேசையில் உட்கார வைக்கத்தான் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010-இல் வந்தது. அதன் முதல் கூட்டம் நடந்தது 2022-இல். வேகத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

## ஐந்து கிலோமீட்டரின் கதை

வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரையிலான பறக்கும் ரயில் நீட்சி வெறும் 5 கி.மீ. இடையில் புழுதிவாக்கம், ஆதம்பாக்கம் என இரண்டே நிலையங்கள். 2007-இல் வேளச்சேரி திறந்த கையோடு தொடங்கிய சின்ன வேலை, பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் இழுத்தது. 495 கோடி ரூபாய் அளவில் போட்ட மதிப்பீடு 730 கோடியைத் தாண்டியது.

எங்கே சிக்கியது? நான்கரை கிலோமீட்டருக்குத் தூண்கள் எழுந்துவிட்டன. ஆதம்பாக்கத்தில் மீதி அரை கிலோமீட்டருக்கு நிலம் கிடைக்கவில்லை. இழப்பீடு போதாது என்று உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள், வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. அதுவரை, நடுவில் அறுந்த பாலம் மாதிரி கான்கிரீட் அந்தரத்தில் நின்றது. உரிமையாளர்களைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. சாலைக்கு நடுவிலோ ஆற்றின் கரையிலோ தூண் போடும்வரை நிலத்துக்குச் சண்டை குறைவு. பறக்கும் ரயில் பக்கிங்காம் கால்வாயை ஒட்டிப் போனதன் ரகசியமும் அதுதான் (கால்வாய்க்கு அது என்ன செய்தது என்பது தனிக் கட்டுரை). அந்தச் சலுகை முடிந்து வீடுகளுக்குள் நுழைந்த இடத்தில்தான் உண்மையான செலவு வெளியே வந்தது. நிலத்தைக் கைக்கு எடுக்காமலேயே தூண்களைக் கட்டத் தொடங்கியது திட்டத்தின் பிழை.

இந்தத் துண்டால் என்ன மாறுகிறது என்பதற்கு மூன்று பயணங்கள்:

1. தாம்பரத்திலிருந்து தரமணி. தண்டவாளத்திலேயே போக வேண்டும் என்றால் வடகோடியில் பூங்கா அல்லது கடற்கரை வரை போய்த் திரும்ப வேண்டும். யாரும் அப்படிப் போவதில்லை, பேருந்தோ இருசக்கர வண்டியோதான். நீட்சியின் வழியே என்றால் பரங்கிமலையில் ஒரே மாற்றம். ஆதம்பாக்கம், புழுதிவாக்கம், வேளச்சேரி, பெருங்குடி, ஐந்தாவதாகத் தரமணி.

2. வடபழனியிலிருந்து வேளச்சேரி. பச்சை மெட்ரோவில் பரங்கிமலை, அங்கிருந்து பறக்கும் ரயில். கத்திப்பாரா, கிண்டி நெரிசலைத் தொட வேண்டியதில்லை.

3. திருவான்மியூரிலிருந்து விமான நிலையம். பறக்கும் ரயிலில் பரங்கிமலை; பிறகு மின்சார ரயிலில் திருசூலம், இறங்கி ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்தால் விமான நிலையம். அல்லது மெட்ரோவில் ஆலந்தூர் போய் நீலத்துக்கு மாறலாம். முதலாவது மலிவு, இரண்டாவது வசதி.

இன்னொன்றும் உண்டு. கடற்கரை–பரங்கிமலை மின்சார ரயில் பாதையும், கடற்கரை–வேளச்சேரி–பரங்கிமலை பறக்கும் ரயில் பாதையும் சேர்ந்தால் வரைபடத்தில் ஒரு வளையம் வரும். "வட்ட ரயில்" என்று உடனே ஆசைப்பட்டுவிடக் கூடாது. ஒன்று தரையில், ஒன்று தூண்மேல். வளையத்தின் பயன் வேறு இடத்தில்: ஒரு பக்கம் அடைபட்டால் மறுபக்கம் வழி இருக்கும். கடற்கரை–எழும்பூர் நான்காவது பாதைப் பணிக்காக 2023 ஆகஸ்டு முதல் 2024 அக்டோபர் வரை பறக்கும் ரயில் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தப்பட்டது. ஒரு வருடத்துக்கு மேல் அதன் வடமுனை மூடிக் கிடந்தது. தென்முனையிலோ வேளச்சேரியில் வேறு ரயில் இல்லை. இரு முனையிலும் பிற தடங்களோடு சேர்ந்த பாதைக்கு அந்த நிலை வராது.

## பறக்கும் ரயில் மெட்ரோ கைக்குப் போனால்

பறக்கும் ரயிலை மெட்ரோ நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. ரயில்வே வாரியம் 2025-இல் கொள்கை அளவில் சம்மதம் தந்தது. இதன் பொருள் நாளைக்கே அந்தப் பாதையில் மெட்ரோ பெட்டிகள் ஓடும் என்பதல்ல. தண்டவாள அகலம் முன்பு சொன்னதுபோல் வேறு. கை மாறும்போது உடனே மாறக்கூடியவை கட்டணம், நிலையப் பராமரிப்பு, காவல், வெளிச்சம், கடைகள், நுழைவாயில்கள். பரந்து கிடந்தும் பாழாய்க் கிடக்கும் அந்த நிலையங்களுக்கு இதெல்லாம் அவசரத் தேவைகள் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் விலை இருக்கிறது. 5 ரூபாயில் போகிறவர் மெட்ரோ கட்டணத்துக்கு மாற வேண்டியிருந்தால் பயணிகள் ஓடிவிடலாம். பழைய கட்டணமே தொடர்ந்தால் நட்டத்தை மாநில அரசு சுமக்க வேண்டும். பரங்கிமலையைப் பொறுத்தவரை ஒரு நன்மை மறுக்க முடியாதது: மெட்ரோவும் பறக்கும் ரயிலும் ஒரே நிர்வாகத்தில் வந்தால், ஆலந்தூரில் இருப்பது போன்ற கட்டணமில்லா மாற்றம் இங்கேயும் சாத்தியமாகும். மின்சார ரயில் அப்போதும் வெளியேதான் நிற்கும்.

## கோயம்பேடு காலியான பிறகு

பச்சைத் தடம் திட்டமிடப்பட்டபோது கோயம்பேடு தமிழகமே வந்து இறங்கும் பேருந்து நிலையம். தெற்கிலிருந்து தாம்பரம் வழியாக வருகிறவர்கள் பரங்கிமலையில் மாறிக் கோயம்பேடு போவது ஒரு பெரிய ஓட்டமாக இருந்தது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது. தென்மாவட்டப் பேருந்துகள் அங்கே போயின. ஓட்டம் தலைகீழானது: இப்போது அண்ணா நகர், வடபழனி, அசோக் நகர்க்காரர்கள் ஊருக்குப் போகத் தெற்கே இறங்க வேண்டும்.

மெட்ரோ அவர்களைப் பரங்கிமலையிலோ விமான நிலையத்திலோ விட்டுவிடுகிறது. மீதித் தூரத்துக்கு மாநகரப் பேருந்து, அல்லது மின்சார ரயிலில் வண்டலூர், ஊரப்பாக்கம் போய் அங்கிருந்து வேறு வண்டி. பேருந்து முனையம் முதலில், ரயில் நிலையம் பிறகு என்று வரிசை தலைகீழாகப் போனதால், வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் இடையில் கிளாம்பாக்கத்துக்கென ஒரு ரயில் நிலையத்தைப் பின்னால் சேர்க்க வேண்டிவந்தது. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை 15.46 கி.மீ. நீல மெட்ரோவை நீட்டும் திட்டமும் உண்டு. இது பரங்கிமலைக்கு நல்லதா? நீல நீட்சி வந்தால், வடபழனிக்காரர் ஆலந்தூரிலேயே மாறிக்கொள்வார். பரங்கிமலை அவருக்குத் தேவைப்படாது. அதுவரை மூட்டை முடிச்சோடு மின்சார ரயிலுக்கு மாறும் கூட்டத்தைத் தீபாவளி, பொங்கல் சமயங்களில் இந்த நிலையம்தான் தாங்க வேண்டும்.

ரயிலில் வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இதில் ஒரு சின்னக் கணக்கு. தெற்கிலிருந்து வரும் விரைவு ரயிலில் தாம்பரத்தில் இறங்கினால் மின்சார ரயில், பிறகு பரங்கிமலையில் மெட்ரோ. எழும்பூர் வரை உட்கார்ந்திருந்தால் அங்கேயே பச்சை மெட்ரோ. அண்ணா நகர் போகிறவருக்கு எழும்பூரே மேல். அசோக் நகர், ஈக்காட்டுத்தாங்கல் போகிறவருக்குத் தாம்பரம், பரங்கிமலை வழி.

## முனையம் என்ற பட்டம் எதுவரை

ஐந்தாம் வழித்தடம் வரும்போது பச்சைத் தடம் நீளப்போவதில்லை. அது பரங்கிமலையிலேயே முடியும். ஆனால் மெட்ரோ பயணிக்கு அது முடிவாக இருக்காது. மடிப்பாக்கம், மேடவாக்கம் பகுதிகளுக்கு முதல்முறையாகத் தண்டவாளம் கிடைக்கும் இடம் அது. தாம்பரம்–வேளச்சேரிச் சாலையிலும் மேடவாக்கம் சாலையிலும் பேருந்தை மட்டுமே நம்பியிருக்கிறவர்கள் பரங்கிமலைக்கும் ஆலந்தூருக்கும் நேரே வருவார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, ஐந்தாம் தடம் ஆலந்தூர், பரங்கிமலை இரண்டையுமே தொடுகிறது என்பது. நீலத்துக்கோ பச்சைக்கோ மாறுகிறவர் ஆலந்தூரில் மாறுவார். மின்சார ரயிலுக்கும் பறக்கும் ரயிலுக்கும் மாறுகிறவர் பரங்கிமலையில். அப்படிப் பார்த்தால் பரங்கிமலை மெட்ரோவின் முனையம் என்ற அடையாளம் மங்கி, ரயில்வேக்கும் மெட்ரோவுக்கும் நடுவிலான சுங்கச்சாவடியாகிவிடும். அங்கே நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் நிர்வாகம் தாண்டும் மாற்றம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாயில்கள், இரண்டு கட்டணங்கள். மாதவரம்–சோழிங்கநல்லூர் ரயில்கள் ஓடத் தொடங்கும் முன்பே கட்டண ஒப்பந்தம் முடிவாகிறதா, அல்லது நொய்டாவின் நடைபாலத்தைப் போல அதுவும் பல ஆண்டுகள் தள்ளிப்போகிறதா என்பதுதான் இந்த நிலையத்தைப் பற்றிய செய்திகளில் இனிப் பார்க்க வேண்டிய வரி.